அடைத்தது வேறு, பூட்டியது வேறு

1

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை.

காலை 5.35க்கு எழுந்தேன். 5.50க்கு ஸுபஹ் தொழுதேன். பாண் இரண்டு துண்டு, முட்டை ஒன்று, தேநீர். மழை இல்லை, நடைபாதை மட்டும் ஈரமாகக் கிடந்தது. 6.48 பேருந்து மூன்று நிமிடம் பிந்தியது. 7.22க்குக் களஞ்சியத்தின் பக்கக் கதவால் உள்ளே போனேன். 7.30க்கு வேலை தொடங்கியது.

ஆறு வருடமாக இந்த வரிகளை ஏறக்குறைய இதே வரிசையில் எழுதி வருகிறேன். சில நாள் முட்டைக்குப் பதில் பருப்பு வரும். பேருந்து பிந்தும் நிமிடங்கள் மாறும். இன்றைய பக்கத்தின் மேல் மூலையில் மட்டும் சிவப்பு மையால் 17 என்று எழுதியிருக்கிறேன். இங்கிலாந்தில் வந்து இறங்கி இன்றோடு பதினேழு வருடம். வீட்டில் ஒருவருக்கும் அது நினைவில்லை. எனக்கும் நினைவிருக்கவில்லை. பழைய டயறிதான் சொன்னது.

நான் இலங்கையின் கிழக்கே மருதமுனையில் பிறந்தவன். கலியாணம் முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி, மனைவியின் ஊரான சாய்ந்தமருதுக்கு மனைவியின் வீட்டுக்குப் போனேன். மனைவியின் தந்தையான மாமாவின் புடவைக்கடை கல்முனை பஸாரில் இருந்தது. அதில் பதினொரு வருடம் நின்றேன். இப்போது ஐம்பத்தொரு வயது. லண்டனுக்கு மேற்கே ஸ்விண்டன் என்ற நகரில், ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் அனுப்பும் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை. அந்தக் களஞ்சியத்துக்குள் கம்பிவலை அடித்த ஓர் அறை உண்டு. எல்லோரும் அதைக் கூண்டு என்பார்கள். இரத்தச் சீனி பார்க்கும் கருவி, காதுக்குள் வைக்கும் கருவி போன்ற சிறிய, விலை கூடிய சாமான்கள் அதற்குள் இருக்கும். அந்தக் கூண்டுக்குப் பொறுப்பாளர் நான்.

2

இரண்டு வருடமாக இணையவழியில் முதுமாணிப் படிப்பொன்று படிக்கிறேன். உள்ளக வணிக முகாமைத்துவம் என்று அதற்குப் பெயர். ஊரில் யாராவது கேட்டால் விளக்கச் சிரமப்படுவேன். ஒரு நிறுவனம் வெளியே என்ன விற்கிறது என்பது பாடமல்ல. உள்ளே தன்னை எப்படி நடத்திக்கொள்கிறது என்பதுதான் பாடம். யார் யாருக்குப் பொறுப்பு, எந்தக் கதவை யார் திறக்கலாம், ஒருவர் செய்ததை யார் சரிபார்ப்பது. எட்டுப் பாடப்பகுதிகள். நான் ஐந்தாவதில் நிற்கிறேன்.

வேலை முடிந்து வந்து மாலை 5.30 முதல் 7.15 வரை சாப்பாட்டு மேசையில் படிப்பேன். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் சக மாணவர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் என் மகளின் வயது. அவர்கள் சொல்லும் பகிடிக்கு அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு விளங்கும். அந்த நேரம் நான் மட்டும் தனியாகச் சிரிப்பது திரையில் பெரிதாகத் தெரிகிறது என்று கண்டபின் ஒலியையும் படத்தையும் நிறுத்திவிட்டுக் கேட்கப் பழகினேன்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. களஞ்சியத்தின் முகாமையாளர் டெப்ரா வரும் பெப்ரவரியில் ஓய்வுபெறுகிறார். அந்த இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் கல்வித் தகைமை என்ற கட்டத்தில் பதினைந்து வருடமாக எழுத ஒன்றுமில்லாமல் இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய வருடம் கடைக்குப் போனவன் நான். வெளிவாரியாக எடுத்த பட்டம் ஒன்றுண்டு. அதை இங்கே ஏற்கவைக்க நான்கு கடிதமும் பதினான்கு மாதமும் பிடித்தன.

ஐந்தாவது பாடப்பகுதியின் பெயர் உள்ளகக் கட்டுப்பாடு. ஒப்படை இதுதான்: நீங்கள் வேலை செய்த ஓர் இடத்தில் பொருட்களைப் பாதுகாக்க இருந்த ஒரு கட்டுப்பாட்டை விவரித்து, அது ஏன் பலித்தது என்று விளக்குக. நான் கல்முனைக் கடையின் கதிரையைப் பற்றி எழுதினேன். ஒன்பது பக்கம்.

இன்று காலை 10.10 தேநீர் இடைவேளையில் கைபேசியில் ஒப்படைக்கான புள்ளி வந்தது. 48. சித்தியடைய 50 வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி மறுபடி அனுப்பலாம். விரிவுரையாளரின் குறிப்பு மூன்று வரி. அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் விவரித்திருப்பது ஒரு கட்டுப்பாட்டை அல்ல, கட்டுப்பாடு இல்லாத நிலையை. கதிரையின் அர்த்தம் தெரியாத ஒருவர் வந்தால் என்ன நடக்கும்?

தேநீர் ஆறிவிட்டது. குடிக்காமல் ஊற்றினேன்.

3

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குக் கதிரையை விளக்கத் தேவையில்லை. வேறு இடத்தவர்களுக்காக எழுதுகிறேன்; நாற்காலியைத்தான் நாங்கள் கதிரை என்போம்.

கல்முனை பஸாரில் நண்பகல் தொழுகையான லுஹருக்கு வாங்கு சொல்லி அழைத்தால் கடைக்காரர் பள்ளிவாசலுக்குப் போவார். கடையைப் பூட்டமாட்டார். ஒரு கதிரையை எடுத்து வாசலுக்குக் குறுக்கே வைப்பார். கதிரையின் முதுகு வீதிப் பக்கம், உட்கார்ந்து இருக்கும் பக்கம் கடைக்குள். அவ்வளவுதான். கடை அடைத்தாகிவிட்டது. உள்ளே சாரன் அடுக்கு, துணிச் சுருள், காசு லாச்சி எல்லாம் வெளியில் நிற்பவருக்குத் தெரியும். யாரும் உள்ளே வரமாட்டார்கள். அவசரமாக வந்தவர் படியில் நிற்பார். இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் கதைத்துக்கொண்டிருப்பார். முதுகு உள்ளே திரும்பி, இருக்கும் பக்கம் வீதியைப் பார்த்தால் அது சும்மா கதிரை. யாரும் இருக்கலாம்.

எங்கள் கடையில் இதற்கென்றே ஒரு கதிரை இருந்தது. பிரம்புப் பின்னல், ஒரு கை கழன்றது. நான் சேர்ந்த முதல் கிழமை, தெரியாத்தனமாகச் சாவிக்கொத்தை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"மருமகன், என்ன செய்றீங்க?"

"பூட்டிட்டு வாறன் மாமா."

"பகல்ல பூட்டினா அயல் கடைக்காரன் என்ன நினைப்பான்? இவன் நம்மளக் கள்ளன் எண்டு நினைக்கான் எண்டு நினைப்பானா இல்லையா? ராவைக்குப் பூட்டுவம். அது நாய்க்கும் கள்ளனுக்கும். இது மனிசனுக்கு. கதிரைய வைங்க."

பதினொரு வருடத்தில் ஒரு கைக்குட்டைகூடக் குறையவில்லை. ஒப்படையில் இதை நான் தெளிவாகவே எழுதியிருந்தேன்.

4

ஒப்படையில் எழுதாத ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். கூண்டுக்குப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலிருந்து ஸ்விண்டனிலும் நான் கதிரையே வைத்துவந்தேன்.

யோசித்துச் செய்ததல்ல. நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று கூண்டு வாசலில் கிடந்தது. லுஹர் தொழ முதலுதவி அறைக்குப் போகும்போது கை தானாக அதை இழுத்துக் குறுக்கே வைத்தது, முதுகு வெளியே பார்க்க. சாமான் ஏற்றும் மரெக் என்ற போலந்துக்காரர் முதலில் ஒருநாள் அதைத் தாண்ட வந்தார். "அடைத்திருக்கிறது, எட்டு நிமிடம்" என்றேன். அடுத்த நாள் கதிரைக்கு வெளியே நின்றார். பிறகு புதிதாக வந்தவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். ஆறு வருடம் ஒருவரும் அதைத் தொடவில்லை. விதிப்புத்தகத்தில், பொறுப்பாளர் வெளியே போகும்போது கூண்டு பூட்டப்பட வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. இரண்டும் எனக்குத் தெரியும்.

போன வியாழன், 7ஆம் திகதி, 11.58க்குக் கதிரையை வைத்துவிட்டுப் போனேன். 12.07க்குத் திரும்பினேன். கதிரை சுவரோரம் இருந்தது. கூண்டுக்குள் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர் கையில் கைபேசியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து முன்னறிவித்தல் இல்லாமல் வந்த உள்ளகக் கணக்காய்வாளர். மரியாதையானவர். தன் அட்டையைக் காட்டினார்.

"நீங்கள் போகும்போது கதவு அடைத்திருந்ததா?" என்று கேட்டார்.

"ஓம். அடைத்துவிட்டுத்தான் போனேன்" என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் அந்தச் சொல்லைக் கல்முனையிலிருந்து எடுத்தேன். எங்களுக்கு அடைப்பது வேறு, பூட்டுவது வேறு. கதிரை வைத்தால் கடை அடைத்தாயிற்று. சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் பூட்டு. அவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்: கதவு சாத்தியிருந்தது. கதவோ நன்றாகத் திறந்திருந்தது.

எனக்கு அப்போது இது விளங்கவில்லை. நான் திருப்பி ஒன்று கேட்டேன். "கதிரையை எடுத்தது யார்?"

"எந்தக் கதிரை?" என்றார்.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது. ஒரு சாமானும் குறையவில்லை என்று முதல் வரி. பிறகு இது: கதவை அடைத்துவிட்டுச் சென்றதாகப் பொறுப்பாளர் கூறினார். அது உண்மையல்ல. படம் 3 பார்க்கவும்.

அது உண்மையல்ல என்ற வரியை நான் எத்தனை முறை வாசித்தேன் என்பதை டயறியில் எழுதவில்லை.

வேலை முடிந்து கூண்டைப் பூட்டியபின் டெப்ரா என்னைத் தன் அறைக்கு அழைத்தார். இருபது வருடம் களஞ்சியத்தில் இருந்தவர். ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். காரணம் என்று ஒரு கட்டம். ஆறு வரி எழுத இடம். புதன்கிழமை காலை 9 மணிக்குள் தர வேண்டும்.

"ஒரு வரி போதும்" என்றார். "பூட்ட மறந்துவிட்டேன், பூட்டியதாக நினைத்துச் சொல்லிவிட்டேன் என்று எழுது. எல்லோரும் மறக்கிறார்கள். உன் கோப்பில் ஒரு குறிப்பு விழும், பெப்ரவரிக்குள் அதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள்."

"நான் மறக்கவில்லை, டெப்ரா. ஆறு வருடமாக அப்படித்தான்."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் எழுதிவிடாதே. மறந்தது ஒரு தவறு. தெரிந்தே ஆறு வருடம் செய்தது வேறு விதமான விசாரணை. அதற்குப் பிறகு உன் விண்ணப்பத்துக்காக நான் ஒன்றும் பேச முடியாது."

இதுதான் நிலைமை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யன் என்ற பெயர் போய், மறதிக்காரன் என்ற பெயரோடு முகாமையாளராகலாம். உண்மையை எழுதினால் பொய்யன் இல்லை, முகாமையாளரும் இல்லை.

5

வியாழனுக்குப் பிறகு நான் வேலை நேரத்தில் கூண்டை விட்டு வெளியே போவதில்லை. உள்ளே அலுமாரிகளுக்கு நடுவில் கடதாசி மட்டையை விரித்துத் தொழுகிறேன். சாப்பாடும் அங்கேதான். இன்று 12.35க்கு அங்கிருந்தே கல்முனைக்கு அழைத்தேன். ஊரில் மாலை 6.05, மஃரிப் தொழுகை முடிந்திருக்கும். மாமா மௌத்தான பிறகு கடையை நடத்துவது என் மனைவி நஸீமாவின் தம்பி றியாஸ்.

"மச்சான், கடையில கதிரை வைக்கிற பழக்கம் இன்னும் இரிக்கா?"

"என்ன மச்சான் இது! இப்பதான் தொழுதிட்டு வந்து கதிரைய எடுத்து வெச்சன், கோல் எடுத்துக் கேக்கிறீங்க. ஸ்விண்டன்ல இருந்து எங்கட வாசலத்தான் பாத்துக்கிட்டு இரிக்கீங்களா?"

"கெமரா மாட்டினது எண்டு நஸீமா சொன்னா."

"ஓம், மாட்டினதுதான். அது வேலை செய்யாம ரெண்டு வருஷம். கதிரைதான் வேலை செய்யிது."

விரிவுரையாளரின் கேள்வியை அவனிடம் கேட்டேன். கதிரையின் அர்த்தம் தெரியாத ஒருவர் வந்தால் என்ன நடக்கும்?

அவன் சிரிக்கத் தொடங்கினான். "வந்தான் மச்சான்! போன சீசன்ல ஒரு வெள்ளக்காரன். கோமாரிப் பக்கம் கடல்ல அலை விளையாடப் போறவன், பஸ்ஸுக்குக் காத்து நிண்டிரிக்கான். நான் லுஹருக்குப் போயிட்டன். வந்து பாத்தா, கதிரைய வெளிய திருப்பிப் போட்டு, வாசல்ல ராசா மாதிரி இரிக்கான். காலுக்கு மேல கால். எங்கட ஆக்கள் மூணு பேர் படியில நிக்காங்க. அவன எழும்பச் சொல்லவும் ஏலா, அவனத் தாண்டி உள்ள போகவும் ஏலா. என்னக் கண்டதும் எழும்பி, நிழலுக்குக் கதிரை வெச்சதுக்கு நன்றி எண்டு கையப் பிடிச்சிட்டுப் போனான். ஒரு சாரனும் வாங்கினான்."

"அப்ப கடை?"

"கடைக்கு என்ன? கதிரையில ஆளும் இரிந்தா இன்னும் நல்லம்தானே." பிறகு அவன் குரல் மாறியது. "ஏன் மச்சான், என்ன நடந்த?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஒரு கதிரையால மத்தக் கதிரை போகப் போகுது எண்டு சொல்லுங்க" என்றான். "வாப்பா இருந்திரிந்தா உங்களுக்கு என்ன சொல்லியிரிப்பார் எண்டு எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்லமாட்டன். நீங்க அங்க இரிக்கிற ஆள்."

மாமா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. வேலையைக் காப்பாற்று என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவர் கதிரை வைத்தது அயலவரை அறிந்திருந்ததால். நான் இங்கே அறிந்தவர்கள் மரெக்கும் இன்னும் பதினான்கு பேரும்.

6

மாலை 4.50க்கு வீடு. மஃரிப் தொழுதபின் சாப்பாட்டு மேசையில் படிவத்தையும் மடிகணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று களஞ்சியத்துக்கு ஆறு வரி. மற்றது பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது பக்கம். இரண்டும் ஒரே கதிரையைப் பற்றியது. களைப்பில்லாத நாளாக இருந்தால் இதைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

நஸீமா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஸைனப்ட வாப்பா, மறந்திட்டன் எண்டு எழுதினா ஆருக்கு என்ன குறையப் போகுது? நான் கறிக்கு உப்புப் போட மறக்கிறல்லையா?"

"நான் மறக்கல்லையே."

"அதுதான் உங்கட வியாதி. ஒண்டையும் மறக்கிறல்ல. கலியாணம் முடிச்ச வருஷம் நான் கோபத்தில சொன்ன சொல்லையும் டயறியில எழுதி வெச்சிரிக்கிற மனிசன். ரெண்டு வருஷமா உந்த மேசையில எங்களுக்குச் சோறு வைக்க இடமில்ல. கேட்டா படிப்பு எண்டீங்க. அந்தப் படிப்பு எதுக்கு? இந்த வேலைக்குத்தானே?"

"ஓம்."

"அப்ப ஒரு சொல்ல எழுதுங்களன்."

அவள் கேட்டதில் பிழை இல்லை. படிவத்தைத் தொடாமல் முதலில் ஒரு வெறும் தாளில் எழுதிப் பார்த்தேன்: நான் பூட்ட மறந்துவிட்டேன். ஆங்கிலத்தில் அது நான்கு ஐந்து சொல்தான். எழுத்துப் பிழை இல்லை. இலக்கணம் சரி. தாள் முழுவதும் வெறுமையாக இருந்தது.

மகள் ஸைனப் மாடிப்படியில் இறங்கி வந்தாள். பத்தொன்பது வயது, கணக்கியல் படிக்கிறாள். என் ஒப்படைகளின் ஆங்கிலத்தைத் திருத்துபவள் அவள்தான். தமிழ் பேசுவாள், சொற்கள் அவளிடம் ஒவ்வொரு வருடமும் குறைகின்றன. விரிவுரையாளரின் குறிப்பையும் கணக்காய்வு அறிக்கையையும் படிவத்தையும் வரிசையாக வாசித்தாள்.

"வாப்பா, எனக்கு ஒண்டு விளங்கல்ல. அடைக்கிறதும் பூட்டுறதும் ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்ல மகள்."

"என்ன வித்தியாசம்?"

நான் சொல்லத் தொடங்கினேன். முதுகு வெளியே, இருக்கும் பக்கம் உள்ளே என்றேன். அவள் பாதியிலேயே சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். படியில் அது இடிபடும் சத்தம் கேட்டது. பிறகு கூப்பிட்டாள். "வாப்பா, வாங்க."

நான் படிவத்தைக் கையில் பிடித்தபடி மேலே போனேன். அவளுடைய அறைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. வாசலுக்குக் குறுக்கே கதிரை. முதுகு என் பக்கம். அவள் உள்ளே கட்டிலில் இருந்தாள்.

நான் நின்றுவிட்டேன்.

"உள்ள வாங்க வாப்பா."

"கதிரை இரிக்கே."

"தாண்டலாம். தள்ளலாம். கதவு திறந்துதானே இரிக்கு."

"தாண்டலாம். ஆனா தாண்ட ஏலா."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. கதவின் உட்புறத்தில் இருக்கும் தாழ்ப்பாளைப் பார்த்தாள். 2021 ஓகஸ்ட்டில் அவளே கடையில் வாங்கி வந்து, அவளே திருகாணி முடுக்கிப் போட்டது. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று நாள் பேசாமல் இருந்தோம். எங்கள் வீட்டில் பிள்ளை வாப்பாவுக்கு எதிராகத் தாழ்ப்பாள் போடுவதா என்று நான் டயறியில் எழுதியிருக்கிறேன்.

"அப்ப நான் எதுக்கு வாப்பா இதப் போட்டன்?" என்றாள். "நான் கதவச் சாத்தித்தான் வெச்சிருந்தன். நீங்களும் உம்மாவும் தட்டாம திறந்துகொண்டு வாறீங்க. சாத்தின கதவு உங்களுக்கு ஒண்டும் இல்ல. பூட்டினாத்தான் நிப்பீங்க எண்டு நினைச்சன். கதிரை வெச்சா நிப்பீங்க எண்டு ஆரும் எனக்குச் சொல்லல்லையே."

அவள் சொன்னது சரி. நான் சாத்திய கதவைத் திறந்துகொண்டுதான் போவேன். துணி வைக்க, ஜன்னல் மூட, சாப்பிடக் கூப்பிட. அவள் அடைத்திருந்தாள், எனக்கு அது அடைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கணக்காய்வாளருக்கு என் கதிரை எப்படியோ, எனக்கு அவளுடைய கதவு அப்படி.

"தெரியாமப் போச்சி மகள்" என்றேன்.

"அவக்கும் தெரியாமத்தான் போயிரிக்கும் வாப்பா. அந்த ஒடிட் பொம்புளைக்கு."

"ஓம்."

"அத எழுதுங்க."

"எழுதினா உம்மா சொல்ற வேலை கிடையாது."

அவள் தோளைக் குலுக்கினாள். இந்த நாட்டுப் பிள்ளைகளின் அந்தத் தோள்குலுக்கல் எனக்குப் பிடிக்காது. "கிடையாட்டி கிடையாதுதான். ஆனா நீங்க மறந்தீங்க எண்டு எழுதினா நான் திருத்தித் தரமாட்டன். நீங்க மறக்கிற ஆள் எண்டு நான் எழுத ஏலா. எனக்குச் சிரிப்பு வரும்."

வாசலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் அவள் மடிகணினியை வைத்திருந்தாள். கதிரைக்கு மேலால் அவளிடம் வரிகளைச் சொன்னேன். அடைத்தல் என்பதற்கு அவள் ஆங்கிலத்தில் ஐந்து சொல் தேடினாள், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு நடந்ததையே எழுதினோம். ஆறு வரி இவை:

நான் மறக்கவில்லை. ஆறு வருடமாக, தொழப் போகும் நேரத்தில் கூண்டைப் பூட்டாமல் வாசலுக்குக் குறுக்கே கதிரை வைத்துவந்தேன். என் ஊரில் அதற்குக் கடை அடைத்திருக்கிறது என்று பொருள், அதனால் அடைத்தேன் என்று சொன்னேன். அந்தச் சொல் இங்கே வேறு பொருள் தரும் என்பதை யோசிக்காதது என் பிழை. கதிரையின் பொருளைக் கணக்காய்வாளருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை, அவர்மேல் குறையில்லை. நாளை முதல் பூட்டுவேன்.

படிவத்தில் எழுதிக் கீழே கொண்டுபோனேன், நஸீமா வாசித்தாள். மேசையிலிருந்த என் புத்தகங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, மூன்று சோற்றுக் கோப்பைகளை வைத்தாள். கோப்பைகளை வைத்த சத்தத்தில் அவள் நினைப்பது எனக்குக் கேட்டது. சாப்பிட்டபின், மறந்துவிட்டேன் என்று எழுதிய அந்த முதல் தாளைக் கிழித்தேன். ஒப்படையைத் திறந்து கடைசிப் பக்கத்தில் ஒரு பந்தி சேர்க்கத் தொடங்கினேன். விரிவுரையாளர் கேட்டது நியாயமான கேள்வி. தெரியாத ஒருவர் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும், ஒருவர் கதிரையில் இருப்பார், ஒருவர் கதிரையை எடுத்து வைப்பார் என்று எழுதினேன். இரண்டாவது ஆளைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்தினேன். மிகுதியை வியாழனுக்கு வைத்தேன்.

7

2024 நவம்பர் 13, புதன்கிழமை. எழுந்தது 5.35. பேருந்து நேரத்துக்கு வந்தது. 7.22க்குப் பக்கக் கதவு.

முதல் வேலையாக டெப்ராவின் அறைக்குப் போய்ப் படிவத்தைக் கொடுக்க நினைத்தேன். அதற்கு முன் கூண்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். வாசலில் நீலக் கதிரை இருந்தது. கை அதன் பக்கம் போனது. அதைத் தூக்கி உள்ளே கடைசி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். கதவை இழுத்துச் சாத்தி, பகலில் முதல் தடவையாகச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். 7.26.

டெப்ரா நின்றபடியே ஆறு வரியையும் வாசித்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். படிவத்தைக் கோப்புக்குள் வைக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

7.31க்குத் திரும்பி வந்தபோது கூண்டு வாசலில் மரெக் நின்றார். பூட்டை ஒரு முறை அசைத்துவிட்டு, குனிந்து சுவரோரம், தள்ளுவண்டிக்குப் பின்னால் என்று கதிரையைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது.

"என்ன நடந்தது?" என்றார். "எங்களில் யாராவது எதையாவது எடுத்துவிட்டார்களா?"